குடைமிளகாய்ச் செடியில் என்ன கோளாறு? அறிகுறியிலிருந்து பின்னோக்கிப் போவது எப்படி?

வீட்டில் குடைமிளகாய் வளர்ப்பவர்கள் என்னிடம் எடுத்த எடுப்பிலேயே கேட்பது, "என்ன மருந்து அடிக்கலாம்?" என்பதுதான். நான் பதிலுக்குக் கேட்பது, "அந்தக் காயின் பூ எப்போது மலர்ந்தது?" என்று. சம்பந்தமில்லாத கேள்வி போலத் தோன்றும். ஆனால் குடைமிளகாய் மெதுவான பயிர். பூ மலர்ந்த நாளிலிருந்து காய் பச்சையில் முழு அளவை எட்ட ஐந்து முதல் ஏழு வாரங்கள் ஆகும். அது சிவப்பாகவோ மஞ்சளாகவோ மாற மேலும் இரண்டு முதல் நான்கு வாரங்கள். காயில் இன்று கண்ணில் படும் குறை பெரும்பாலும் இன்றைய தவறால் வந்ததல்ல. சில வாரங்களுக்கு முன் நடந்த ஒன்று இப்போதுதான் வெளியே தெரிகிறது. அதற்காக இன்று மருந்து அடித்தால் காசும் நாளும்தான் வீண்.

அதனால் நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வாரமும் மலரும் பூக்களில் இரண்டு மூன்றின் காம்பில் நிறநூல் கட்டிவிடுவேன். இந்த வாரம் சிவப்பு என்றால் அடுத்த வாரம் நீலம். எந்த நிறம் எந்த வாரம் என்பதைச் சின்ன நோட்டில் எழுதி, அதே பக்கத்தில் தண்ணீர் விட மறந்த நாள், கடும் வெயில் அடித்த நாள், உரம் போட்ட நாள் ஆகியவற்றையும் குறித்துக்கொள்வேன். கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு மேல் இந்த நோட்டைப் புரட்டினாலே விடை கிடைத்துவிடும்.

விதை முளைக்கவில்லை

மண்ணின் சூட்டைப் பாருங்கள். 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருந்தால் 7 முதல் 14 நாட்களில் முளைக்கும். 15 டிகிரிக்குக் கீழே விதை அசையாமல் கிடந்து அழுகிவிடும். அரை சென்டிமீட்டர் ஆழம் போதும்.

முளைத்த நாற்று அடியில் இற்றுச் சாய்கிறது

தண்டு மண்ணைத் தொடும் இடம் நூல் போல மெலிந்திருந்தால் அது நாற்றழுகல். விழுந்த நாற்றைக் காப்பாற்ற முடியாது, மற்றவற்றைக் காப்பாற்றலாம். மேலிருந்து தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள். குழித்தட்டைத் தண்ணீர் உள்ள தாம்பாளத்தில் கால் மணி நேரம் வைத்து, அடியிலிருந்து உறிஞ்சவிட்டு எடுத்துவிடுங்கள். காற்று நடமாடும் இடத்துக்கு மாற்றுங்கள். அடுத்த முறை பழைய தொட்டி மண்ணில் விதைக்காதீர்கள்.

இலை சுருள்கிறது

எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. நண்பகலில் மட்டும் சுருண்டு மாலையில் விரிந்தால் அது வெயிலிலிருந்து செடி தன்னைக் காத்துக்கொள்வது, விட்டுவிடுங்கள்.

இலையின் விளிம்புகள் மேல்நோக்கி மடிந்து படகு போல இருந்தால் இலைப்பேன். ஒரு வெள்ளைத் தாளைப் பூவின் அடியில் பிடித்துக்கொண்டு பூவை விரலால் மூன்று முறை தட்டுங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில், மஞ்சளாகவோ பழுப்பாகவோ, கீறல் போன்ற பூச்சிகள் தாளில் ஓடும். பக்கத்தில் மூச்சு விட்டால் இன்னும் வேகமாக ஓடும். நீல ஒட்டுப்பொறியைச் செடியின் உச்சிக்குச் சற்று மேலே தொங்கவிட்டு, வாரம் ஒரு முறை மாலையில், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள்.

விளிம்புகள் கீழ்நோக்கி மடிந்து கவிழ்த்த படகு போல இருந்தால் சிலந்திப்பேன். இது வெறும் கண்ணுக்குத் தெரியாது. குருத்திலைகள் குறுகித் தடித்து, அடிப்பக்கம் வெண்கல நிறத்தில் மினுமினுப்பதுதான் அடையாளம். இதை வைரஸ் நோய் என்று நினைத்து நல்ல செடிகளைப் பிடுங்கி எறிந்தவர்கள் பலர். முதல் ஆண்டில் நானும் ஆறு செடிகளைப் பிடுங்கினேன். இன்றும் மனம் வருந்துகிறது. நனையும் கந்தகத் தூளைப் பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவில் கரைத்துத் தெளித்துவிட்டு, இரண்டு வாரங்கள் கழித்துக் குருத்தைப் பாருங்கள். புது இலை நேராக வந்தால் அது சிலந்திப்பேன்தான். புது இலையிலும் பச்சையும் வெளிறலுமாகத் திட்டுத்திட்டாக இருந்தால் வைரஸ் என்று சந்தேகித்து, அந்தச் செடியை அப்புறப்படுத்துவதே மற்றவற்றுக்கு நல்லது.

ஓர் எச்சரிக்கை: வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாட்களில் கந்தகம் இலையைக் கருக்கிவிடும். வேப்பெண்ணெய்க்கும் கந்தகத்துக்கும் நடுவே இரண்டு வார இடைவெளி கட்டாயம்.

இலை மஞ்சளாகிறது

அடி இலைகள் முழுதாக மஞ்சளானால் தழைச்சத்து குறைவு. அடி இலைகளில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் மெக்னீசியம் குறைவு. அதே தோற்றம் குருத்திலையில் வந்தால் இரும்புச்சத்துப் பிரச்சினை. பெரும்பாலும் மண்ணில் இரும்பு இருந்தும் காரத்தன்மை கூடியதால் வேர் எடுக்க முடியாத நிலை. குடைமிளகாய்க்கு ஏற்ற கார அமில நிலை (pH) 6 முதல் 6.8 வரை. இவை எதுவும் இல்லாமல் செடி மொத்தமும் வெளிறினால், உரத்தைத் தேடுவதற்கு முன் தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று குச்சியால் குத்திப் பாருங்கள்.

மண் ஈரமாக இருந்தும் செடி வாடுகிறது

இரவு முழுவதும் ஓய்வெடுத்தும் காலையில் தலை நிமிராத செடியைத்தான் கவனிக்க வேண்டும். வேர் மூச்சுத் திணறுகிறதா, நோயா என்பதைப் பிரித்தறிய எளிய வழி உண்டு. நிறைய செடிகளில் ஒன்று இப்படி வாடினால் அதை அடியோடு வெட்டி, அடித்தண்டில் ஒரு விரல் நீளத் துண்டை எடுங்கள். கண்ணாடிக் கோப்பையில் தெளிந்த தண்ணீர் நிரப்பி, வெட்டிய முனை மட்டும் நீரில் படும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து புகை போல, பால் நிற இழை ஒன்று மெல்லக் கீழே இறங்கினால் அது பாக்டீரியா வாடல். மருந்து கிடையாது. செடியையும் மண்ணையும் அகற்றி, தொட்டியையும் கத்தரிக்கோலையும் நன்றாகக் கழுவிக் காயவையுங்கள். அந்த மண்ணில் தக்காளி, கத்திரி, மிளகாய் எதையும் வைக்கக்கூடாது. எல்லாம் ஒரே குடும்பம்.

இழை இறங்கவில்லை, வேர் பழுப்பாகக் கொழகொழவென்று இருக்கிறது என்றால் அது நீர் தேங்கியதன் விளைவு. மற்ற தொட்டிகளுக்கு இன்றே தண்ணீரைக் குறையுங்கள்.

பூ நிறைய வருகிறது, காய் நிற்கவில்லை

நோட்டை எடுத்துப் பூ உதிர்ந்ததற்கு முந்தைய சில நாட்களின் வெயிலைப் பாருங்கள். பகல் 32 டிகிரிக்கு மேல், இரவு 24 டிகிரிக்கு மேல் தொடர்ந்தால் குடைமிளகாய் பூவை உதிர்த்துவிடும். பகலைவிட இரவுச் சூடுதான் அதிகம் கெடுக்கிறது. இரவு 15 டிகிரிக்குக் கீழே போனால் வேறு விதமான தொல்லை: பூ நிற்கும், ஆனால் மகரந்தம் வலுவில்லாமல் விதையற்ற தட்டையான குட்டைக் காயாகிவிடும்.

வெப்பக் காலத்தில் 35 சதவீத நிழல்வலை கட்டுங்கள். தொட்டிகளைச் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். பகலில் சூடேறிய சுவர் இரவெல்லாம் அனல் வீசும். தொட்டிகளை ஒரே ஒரு முழம் நகர்த்தியதில் காய்ப்பிடித்ததை நான் கண்டிருக்கிறேன்.

வெயில் காரணமில்லை என்றால் தழைச்சத்தைச் சந்தேகியுங்கள். கரும்பச்சை இலை, புதர் போன்ற செடி, காய் இல்லை என்றால் உரம் அதிகமாகிவிட்டது என்று பொருள். ஏற்கெனவே ஐந்தாறு பெரிய காய்களைத் தாங்கி நிற்கும் செடி புதுப் பூக்களைத் தானே உதிர்க்கும். அது நோயல்ல, சுமை அவ்வளவுதான் தாங்கும். முற்றிய பச்சைக் காய்களைப் பறித்தால் பூ நிற்கத் தொடங்கும்.

நட்ட செடி முழங்கால் உயரம்கூட வராமல் முதல் கவட்டில் விடும் பூவைக் கிள்ளி எறியுங்கள். கை கூசும்தான். அந்த ஒரு காயை விட்டுவைத்தால் செடி அதையே தூக்கிக்கொண்டு குட்டையாக நின்றுவிடும்.

காயின் அடி கறுக்கிறது

எல்லாரையும் அலைக்கழிக்கும் கோளாறு இதுதான். முதலில் நீரில் நனைந்தது போன்ற வெளிர்த் திட்டு. பிறகு பழுப்பாகித் தோல் போலக் காய்ந்து உள்வாங்கும். அதன்மேல் கறுப்புப் பூஞ்சை படரும்போதுதான் பலர் பார்க்கிறார்கள்; பூஞ்சைநோய் என்று முடிவு கட்டுகிறார்கள். பூஞ்சை பிறகு வந்த விருந்தாளி. இப்படிப்பட்ட காய் மற்றவற்றுக்கு முன்பே நிறம் மாறுவதும் உண்டு. தோட்டத்தில் முதலில் சிவந்த காயை ஆசையோடு புரட்டினால் அடியில் கறுப்பு இருக்கும்.

காரணம், காய்க்குச் சுண்ணாம்புச்சத்து, அதாவது கால்சியம், போய்ச் சேராதது. மண்ணில் அந்தச் சத்து இல்லை என்று இதற்குப் பொருளல்ல. கால்சியம் தண்ணீரோடுதான் செடிக்குள் ஏறும். தண்ணீர் எங்கே அதிகம் ஆவியாகிறதோ அங்கே போகும். இலை நிறைய ஆவியாக்கும். காய் மிகக் குறைவாக. மண் ஒரு நாள் காய்ந்து மறுநாள் குளமானால், வரும் கொஞ்சநஞ்சத்தையும் இலையே எடுத்துக்கொள்ளும். இலைக்குப் போன கால்சியம் திரும்பக் காய்க்கு வராது. அதனால்தான் இலையில் தெளிக்கும் கால்சியம் இங்கே பெரிதாகக் கைகொடுப்பதில்லை. முட்டை ஓட்டுத் தூளும் மண்ணில் கரைய நெடுநாள் பிடிக்கும். இந்தக் காய்ப்புக்கு உதவாது.

பின்னோக்கி எண்ணுங்கள். கறுத்த காயின் நூல் எந்த வாரத்தைக் காட்டுகிறதோ, அதற்கு அடுத்த இரண்டு மூன்று வாரங்களில், காய் கோலிக்குண்டு அளவிலிருந்து வேகமாகப் பருக்கும்போது, தண்ணீர் தவறியிருக்கும். என் நோட்டில் இது ஒரு முறைகூடப் பொய்த்ததில்லை.

கறுத்த காயைப் பறித்துவிடுங்கள். ஒரு செடிக்குக் குறைந்தது 15 லிட்டர் கொள்ளும் தொட்டி வேண்டும். 20 இருந்தால் இன்னும் நல்லது. சின்னத் தொட்டி வெயில் நாளில் மாலைக்குள் காய்ந்துவிடும். மண்மேல் நான்கு சென்டிமீட்டர் உலர்ந்த இலையோ வைக்கோலோ மூடாக்குப் போடுங்கள். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் விடைபெறும் தருவாயில் தண்ணீர் விடுங்கள். அடித்துளையில் சிறிது வெளியேறும் வரை விடுங்கள். உரத்தைப் பாதி அளவாக்குங்கள். மண்ணில் உப்பு கூடினாலும், பொட்டாஷ் மிகுந்தாலும் கால்சியம் ஏறுவது தடைப்படும்.

காயின் ஒரு பக்கம் வெள்ளையாகக் காய்ந்திருக்கிறது

இது அடிக்கறுப்பு இல்லை. வெயிலைப் பார்த்த பக்கத்தில், காகிதம் போல வெளுத்திருந்தால் வெயில் சுட்டது. இலைகளை அளவுக்கு மீறிக் கவாத்து செய்த மறுவாரம் இதைப் பார்க்கலாம். காய்மேல் குடை பிடிக்கும் இலைகளை விட்டுவையுங்கள்.

காய் கோணலாக, முடிச்சுமுடிச்சாக இருக்கிறது

வெட்டி விதையை எண்ணுங்கள். கோணிய பக்கத்தில் விதையே இருக்காது. மகரந்தம் முழுமையாகச் சேரவில்லை. குளிர் இரவுகளில் மலர்ந்த பூவாக இருக்கும். பூக்கும் காலத்தில் காலை வேளையில் செடியை இலேசாகக் குலுக்குங்கள். தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும் செடி என்பதால் அது போதும். அடியில் மூன்று மேடு உள்ள காய் ஆண், நான்கு மேடு உள்ளது பெண் என்று ஒரு பேச்சு உலவுகிறது, அதில் உண்மையில்லை. காயில் ஆண், பெண் என்று பிரிவே கிடையாது.

காய் பச்சையாகவே நிற்கிறது, நிறம் ஏறவில்லை

நூலின் வாரத்தை எண்ணி, பூ மலர்ந்து ஒன்பது வாரமாவது ஆகிவிட்டதா என்று பாருங்கள். ஆகவில்லை என்றால் காத்திருங்கள். கடும் வெயிலிலும் கடும் குளிரிலும் நிறம் மந்தமாகத்தான் ஏறும். முழுப் பச்சையில் பறித்த காய் வீட்டில் வைத்தால் பழுக்காது. ஆனால் நிறம் திரும்பத் தொடங்கி, பாதி வரை மாறிய காயைப் பறித்து 20 முதல் 25 டிகிரியில் வைத்தால் மீதி நிறமும் ஏறிவிடும். பறவையோ அணிலோ தொல்லை தரும் இடங்களில் நான் பாதி நிறத்திலேயே பறித்துவிடுகிறேன்.

இனி விற்பனைப் பக்கம் வருவோம். இங்கேயும் அதே கணக்குதான்: வாங்கியவர் கண்ட குறை, உங்கள் கையில் பறிப்பு நாளிலோ அதற்கு வெகு முன்போ உண்டானது.

"இரண்டே நாளில் சுருங்கிவிட்டது" என்கிறார்கள்

குடைமிளகாய் உள்ளே வெற்றிடமுள்ள காய்; சேமித்துவைக்கச் சதை அதிகமில்லை. நண்பகலில் பறித்திருந்தால் காய் ஏற்கெனவே நீர் இழந்த நிலையில்தான் கூடைக்கு வந்திருக்கும். வெயில் ஏறுமுன், பனி காய்ந்தபின் பறியுங்கள். பறித்ததும் நிழலுக்குக் கொண்டுபோங்கள். கூடைமேல் ஈரத்துணி போடலாம், ஆனால் அது காயைத் தொடக்கூடாது. தோலைவிடக் காம்பையும், காம்பு காயைத் தொடும் இடத்திலுள்ள பச்சைத் தொப்பியான புல்லிவட்டத்தையும் சுற்றித்தான் நீர் எளிதாக வெளியேறுகிறது. அங்கே காயம் பட்டால் இன்னும் வேகமாக வாடும்.

வைத்திருக்க ஏற்ற குளிர் 7 முதல் 10 டிகிரி. காற்றில் ஈரம் 90 சதவீதத்துக்கு மேல். அப்படி வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். வீட்டுக் குளிர்பெட்டி பெரும்பாலும் இதைவிடக் குளிர்ந்தது. துளையிட்ட உறையில் போட்டுக் கீழ்த்தட்டின் காய்கறிப் பெட்டியில் வையுங்கள். அதிலும் ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். அதிகக் குளிரில் கிடந்த காய் வெளியே எடுத்தபின்தான் காட்டிக்கொடுக்கும்: தோலில் சிறு குழிகள், உள்ளே பழுப்பு நிறத்தில் விதைகள்.

காம்பிலிருந்து அழுகுகிறது

கையால் முறுக்கிப் பிடுங்கியிருப்பீர்கள். கத்தரிக்கோலால், காம்பு இரண்டு சென்டிமீட்டர் காயோடு நிற்கும்படி வெட்டுங்கள். கிழிந்த காம்பும் ஈரமும் சேர்ந்தால் அழுகல் நுழைய வழி திறந்துவிடும். விற்கும் காயைக் கழுவாதீர்கள். மண் பட்டிருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள். நோயுற்ற செடியை வெட்டிய கத்தரிக்கோலை அப்படியே அடுத்த செடிக்குக் கொண்டுபோகவும் கூடாது.

"காரமாக இருக்கிறது" என்று ஒருவர் சொல்கிறார்

இதைக் கேட்டால் நம்ப முடியாது. ஆனால் அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். நீங்கள் சென்ற ஆண்டுக் காயிலிருந்து விதை எடுத்தவரா? அந்தச் செடியின் அருகில் கார மிளகாய் பூத்திருந்ததா? பூச்சிகள் மகரந்தத்தைக் கடத்தியிருக்கும். அந்த ஆண்டுக் காயில் எதுவும் தெரியாது. காயின் சதை தாய்ச்செடியினுடையது. விதைக்குள் போன காரம் அடுத்த தலைமுறைச் செடியின் காயில் வெளிவரும். காரமே ஆதிக்கப் பண்பு என்பதால் ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும். ஆக, இந்தப் புகாரின் வேர் ஓராண்டுக்கு முன்னால் இருக்கிறது. நான் பின்னோக்கி எண்ணியதில் மிக நீண்ட கணக்கு இதுதான்.

மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். அந்த விதையிலிருந்து வந்த செடி ஒவ்வொன்றிலும் ஒரு காயை வெட்டி, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையை நுனிநாவில் வைத்துப் பாருங்கள். காரம் அங்கேதான் உண்டாகிறது. காரமுள்ள செடியின் காய்களைத் தனியே ஒதுக்குங்கள். விற்பனைக்கென்றால் விதையை ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்குவதே நேர்மை. வீரிய ஒட்டு ரகமாக இருந்தால், அருகில் மிளகாய் இல்லாவிட்டாலும் சேமித்த விதை தாய்போல் காய்க்காது.

ஒரு வாரம் கூடை நிறைய, மறு மூன்று வாரம் ஒன்றுமில்லை

ஒரே நாளில் நட்ட செடிகள் ஒன்றாகப் பூத்து, ஒன்றாகச் சுமந்து, ஒன்றாக ஓய்வெடுக்கும். வாடிக்கையாளர் காத்திருக்க மாட்டார். என் 24 தொட்டிகளை எட்டு எட்டாகப் பிரித்து, மூன்று வார இடைவெளியில் நடுகிறேன். அதிலும் ஒவ்வொரு எட்டில் பாதியைப் பச்சைக்கும் பாதியை நிறத்துக்கும் ஒதுக்குகிறேன். பச்சையில் பறித்தால் செடி விரைவில் அடுத்த காயைப் பிடிக்கும், எண்ணிக்கை கூடும். நிறத்துக்கு விட்டால் காய் குறையும், ஆனால் அதற்குக் கூடுதல் விலை கேட்கலாம்.

வாக்குக் கொடுக்கும்போது செடியில் தொங்கும் காயை எண்ணிக் கொடுக்காதீர்கள். பூவில் கட்டிய நூலை எண்ணி, அதில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுச் சொல்லுங்கள். "ஆறு வாரத்தில் இவ்வளவு வரும்" என்று சொல்லி அவ்வளவு கொண்டுபோனால், அடுத்த முறை அவர்களே கேட்டு வருவார்கள்.

விற்கிறது, ஆனால் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை

செலவைப் பறித்த எடையால் வகுத்திருப்பீர்கள். விற்ற எடையால் வகுங்கள். வெயில் சுட்டது, கோணல், சும்மா கொடுத்துவிட்டது எல்லாம் கழிந்தபின் நிற்பதுதான் கணக்கு. தொட்டி மண், விதை, உறை, கொண்டுபோய்க் கொடுக்கும் செலவு ஆகியவற்றோடு உங்கள் நேரத்தையும் எழுதுங்கள். கோணல் காயைத் தூக்கி எறிய வேண்டாம்; ருசியில் குறை இல்லை. நறுக்கிச் சமைப்பவர்களுக்குத் தனிக் கூடையில், கோணல் என்று சொல்லியே, குறைந்த விலைக்குக் கொடுங்கள். நல்ல காயின் அடியில் ஒளித்துவைத்தால் மொத்தக் கூடையின் பெயரும் கெடும்.

மருந்து அடித்த மறுநாள் ஆர்டர் வருகிறது

கொடுக்காதீர்கள். மருந்துப் பொட்டலத்தில் கடைசித் தெளிப்புக்கும் பறிப்புக்கும் இடையே எத்தனை நாள் என்று எழுதியிருக்கும். அந்த நாட்கள் முடியும்வரை அந்தத் தொட்டிகளில் சிவப்புத் துணி கட்டிவைக்கிறேன். வீட்டில் வேறு யாராவது பறிக்கப் போனாலும் கண்ணில் படும். கேட்டவரிடம் காரணத்தைச் சொல்லி, துணி அவிழும் தேதியைச் சொல்கிறேன்.